நியூரான் செல் உயிரியல் மாநாட்டில் எதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்?

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். நியூரான்களின் செல் உயிரியல் குறித்த ஐந்து நாள் மாநாடு ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தால் மூளையைப் பற்றியோ நினைவாற்றலைப் பற்றியோ மின்சமிக்ஞைகளைப் பற்றியோ ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கைனெசின், டைனீன், ஸ்பெக்ட்ரின், எண்டோசோம், ஆர்.என்.ஏ. துகள்கள் என்றே போகிறது. நரம்பு செல்லுக்கென்று தனியாக ஒரு செல் உயிரியல் எதற்கு, அந்த ஐந்து நாட்களை எப்படிப் பின்தொடர்வது என்பதுதான் அவருடைய கேள்வி. நரம்பு செல்லான நியூரானிலிருந்து நீளும் நாரை ஆக்ஸான் என்பார்கள்; அந்த ஆக்ஸானுக்குள் சரக்கு போகும் வழியைப் பல ஆண்டுகளாக நுண்ணோக்கியில் பார்த்து வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நிகழ்ச்சி நிரலில் இருபது தலைப்புகள் இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை தூரம் என்ற ஒரே பிரச்சினையைப் பற்றியவை. கல்லீரல் செல்லில் உள்ள அதே புரதங்களும் அதே உறுப்புகளும்தாம் நியூரானிலும் இருக்கின்றன. ஆனால் கல்லீரல் செல்லின் எந்த மூலையும் அதன் உட்கருவிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டருக்குள் அடங்கிவிடும். கால் விரலை அசைக்கும் இயக்க நியூரானின் செல் உடல் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அதன் ஆக்ஸான் முடியும் இடம் பாதத்தில் இருக்கிறது. செல் உடலின் குறுக்களவு சுமார் 50 மைக்ரோமீட்டர், ஆக்ஸானின் நீளம் சுமார் ஒரு மீட்டர். அந்தச் செல் உடலைப் பத்தடி அறையாகப் பெரிதாக்கிக்கொண்டால், அதிலிருந்து கிளம்பும் ஆக்ஸான் இரண்டடி அகலமுள்ள குழாயாகத் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரை நீண்டு கிடக்கும். அந்தக் குழாயின் மொத்தக் கொள்ளளவு அறையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். குழாய்க்குள் வேண்டிய புரதங்களில் மிகப் பெரும்பகுதியைச் சமைப்பது அந்த ஒரே அறைதான். இதை அறுபது, எழுபது, சில சமயம் தொண்ணூறு ஆண்டுகள் அது செய்தாக வேண்டும், ஏனென்றால் நியூரான்கள் பிரிந்து பெருகித் தங்களைப் புதுப்பித்துக்கொள்வதில்லை.

செய்து வைத்த புரதம் தானாகப் பரவிப் போய்ச் சேராதா என்று கேட்கலாம். செல்லின் நீர்மத்தில் ஒரு நடுத்தரப் புரதம் பத்து மைக்ரோமீட்டர் தூரம் பரவச் சில நொடிகள் போதும். ஆனால் பரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது; தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. இந்தக் கணக்கை ஒரு மீட்டர் வரை இழுத்துப் பாருங்கள், விடை ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிவிடும். ஆகவே நியூரானுக்குச் சாலை வேண்டும், வண்டி வேண்டும், எரிபொருள் வேண்டும், எந்தச் சரக்கு எங்கே இறங்க வேண்டும் என்ற முகவரியும் வேண்டும். மாநாட்டின் அமர்வுகள் எல்லாம் இவற்றில் ஏதோ ஒன்றைப் பற்றியவை.

இந்தத் துறை பிறந்ததே ஒரு மாநாட்டில்தான் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. 1889 அக்டோபரில் ஜெர்மானிய உடற்கூற்றியல் சங்கம் பெர்லினில் கூடியது. பார்சிலோனாவில் பேராசிரியராக இருந்த, ஸ்பெயினுக்கு வெளியே பெயர் தெரியாத சாந்தியாகோ ரமோன் இ காஹால், தன் சேமிப்பைச் செலவழித்து ரயிலேறி, நுண்ணோக்கியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு அங்கே போனார். அவருக்கு ஜெர்மன் தெரியாது. பிரெஞ்சு தட்டுத் தடுமாறித்தான் வரும். அவர் வைத்திருந்தவை பறவைகள், சிறு பாலூட்டிகள் ஆகியவற்றின் சிறுமூளை, விழித்திரை, தண்டுவடம் ஆகியவற்றின் வெட்டுகள். கமில்லோ கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயமேற்றும் முறையையே அவரும் பயன்படுத்தினார். ஆனால் இருமுறை சாயமேற்றி, வளர்ந்த மூளைக்குப் பதிலாகக் கரு நிலையிலும் இளம் நிலையிலும் உள்ள திசுவை எடுத்துக்கொண்டார். மயலின் உறை இன்னும் போர்த்தாத அந்த இளம் நார்கள் தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாகக் கறுத்துத் தெரிந்தன. கூட்டத்தில் இருந்தவர்கள் அவரவர் தகடுகளைப் பார்ப்பதிலேயே மூழ்கியிருந்தார்கள். காஹால், அந்தத் துறையின் மூத்தவரும் எழுபதைத் தாண்டியவருமான ஆல்பர்ட் ஃபான் கோலிக்கரை ஏறத்தாழக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் நுண்ணோக்கி இருந்த மூலைக்கு அழைத்துப் போனார். கோலிக்கர் குனிந்து பார்த்தார். நார்கள் ஒன்றோடொன்று இணைந்து வலையாகவில்லை. ஒவ்வொன்றும் தனியாக முடிந்தது. அன்றுவரை, நரம்பு மண்டலம் முழுதும் ஒரே தொடர் வலை என்ற கொள்கையின் பக்கம் சாய்ந்திருந்த கோலிக்கர் மனம் மாறினார். பின்னாளில் காஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காகவே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார் என்பார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1891-இல், ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டேயர் இந்தத் தனித்த செல்லுக்கு ‘நியூரான்’ என்று பெயர் வைத்தார்.

நியூரான் என்பது தனித்து முடியும் ஒரு செல் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான், அந்தச் செல் தன் கடைக்கோடியை எப்படிக் காப்பாற்றுகிறது என்ற கேள்விக்கே இடம் வருகிறது. எல்லாம் ஒரே வலை என்றால் தூரம் ஒரு பிரச்சினையே இல்லையே. கோல்ஜி கடைசி வரை இதை ஏற்கவில்லை. 1906-இல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்து தரப்பட்டபோது, தன் பரிசு உரையில் அவர் நியூரான் கொள்கையை எதிர்த்தே பேசினார். அடுத்த ஆண்டு ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்ச் சொட்டில் தொங்கவிட்டு, நார் ஒரு செல்லிலிருந்து முளைத்து நீள்வதை உயிரோடு பார்த்துக் காட்டினார். செல் வளர்ப்பு என்ற முறையே அதிலிருந்து தொடங்கியது. நீங்கள் ஆய்வகத்தில் தினமும் தொடும் வளர்ப்புத் தட்டுகளுக்கு முன்னோடி அந்தத் தவளைச் சொட்டுதான்.

இனி, நிரலில் அதிக இடம் பிடித்திருக்கும் போக்குவரத்துக்கு வருகிறேன். 1948-இல் பால் வைஸும் ஹெலன் ஹிஸ்கோவும் நரம்பை ஓரிடத்தில் நெரித்து வைத்தார்கள். நெரித்த இடத்துக்கு மேற்புறம், அதாவது செல் உடல் இருக்கும் பக்கம், ஆக்ஸான்கள் புடைத்துக்கொண்டன. நெரிப்பைத் தளர்த்தியதும் தேங்கியது கீழ்நோக்கி நகர்ந்தது, நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில். பிறகு கதிரியக்க அடையாளமிட்டுப் பார்த்தவர்கள் இன்னொரு வேகத்தையும் கண்டார்கள்: சில சரக்குகள் நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வரை போயின. முதல் வேகத்தில் தண்டுவடத்திலிருந்து பாதத்துக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். இரண்டாவதில் இரண்டரை நாள். ஒரே குழாயில் இப்படி இருவேறு வேகங்கள் எப்படி வந்தன என்ற புதிர் பல பத்தாண்டுகள் தீரவில்லை.

வேகமான போக்கைச் செலுத்துவது எது என்பது கணவாயின் உபயத்தால் தெரியவந்தது. கணவாயின் பெரிய ஆக்ஸான் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பருமனானது. பற்பசையைப் பிதுக்குவதுபோல அதன் உள்ளீட்டை உருளை கொண்டு கண்ணாடித் தகட்டில் பிதுக்கி எடுக்கலாம். 1982-இல் ராபர்ட் ஆலன், ஸ்காட் பிரேடி, ரே லாசெக் ஆகியோர் வீடியோவால் மேம்படுத்திய நுண்ணோக்கியில் இந்தப் பிதுக்கலைப் பார்த்தபோது, செல்லே இல்லாத அந்தக் குழம்பில் சரக்கைச் சுமக்கும் சிறு சவ்வுப் பைகளான நுண்பைகள் மணிக்கணக்காக ஊர்ந்துகொண்டிருந்தன. ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்த ரான் வேலும் மைக்கேல் ஷீட்ஸும் இதைத் தொடர நினைத்தார்கள். ஆனால் 1983-இல் எல் நினோவால் கலிஃபோர்னியக் கரையில் கணவாய் கிடைக்கவில்லை. ஆகவே நாட்டின் மறுகோடியில், மாசச்சூசெட்ஸின் உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போனார்கள். அங்கே டாம் ரீஸும் சேர்ந்துகொண்டார். 1985-இல் அவர்கள் பிரித்தெடுத்த மோட்டார் புரதத்துக்குக் கைனெசின் என்று பெயரிட்டார்கள். அது செல்லுக்குள் சாலைகளாக ஓடும் நுண்குழல்களின் மேல், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. (ATP) மூலக்கூறு ஒன்றுக்கு 8 நானோமீட்டர் அடி என்ற கணக்கில், பெரும்பாலும் செல் உடலிலிருந்து வெளிநோக்கி நடக்கிறது. திரும்பி வரும் வண்டி டைனீன் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. ஒரு மீட்டருக்கு எத்தனை அடி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: பன்னிரண்டரைக் கோடி. ஒரே மோட்டார் இறங்காமல் அவ்வளவும் நடப்பதில்லை. சில நூறு அடிகளுக்குள் கழன்றுவிடுகிறது. ஆகவே ஒரே நுண்பையில் பல மோட்டார்கள், இரு திசைக்கானவையும், ஏறியிருக்கின்றன. அவற்றுள் எது எப்போது இழுக்கிறது என்பது இன்றும் மாநாட்டில் குரல் உயரும் கேள்வி.

சாலையைப் பற்றி ஒன்று. நுண்குழல் டியூபியூலின் என்ற புரதத்தால் ஆனது. அதைக் கண்டுபிடிக்க உதவியது கோல்ச்சிசின் என்ற நஞ்சு. அது எதில் ஒட்டுகிறது என்று தேடிய கேரி பொரிசியும் எட்வின் டெய்லரும் 1967-இல் அதற்குரிய புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். மற்றத் திசுக்களைவிட மூளையில் அந்த ஒட்டும் திறன் மிகுதியாக இருந்தது. மூளை முழுக்கச் சாலைகள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அந்தக் கோல்ச்சிசின் நம் ஊர் வேலிகளில் கார்த்திகையில் பூக்கும் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று அதைப் பந்தல் கட்டிப் பயிரிடுவது அந்த விதைக்காகத்தான். நரம்பில் அதைச் செலுத்தினால் நுண்குழல்கள் குலைந்து போக்குவரத்து நின்றுபோகிறது என்று 1960-களின் இறுதியிலேயே காட்டினார்கள்.

மெதுவான போக்கின் கதையை நான் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் வாதங்கள் எப்படித் தீர்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நியூரோஃபிலமென்ட் போன்ற செல் எலும்புச் சட்டப் புரதங்கள் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் ஊர்கின்றன என்பது கதிரியக்கச் சோதனைகளில் தெளிவு. ஆனால் அவை இழைகளாக நகர்கின்றனவா, அல்லது இழைகள் அசையாமல் நிற்க, தனித்தனி உதிரிப் புரதங்கள் மட்டும் நகர்கின்றனவா? 1990-களில் இதை வைத்து இரண்டு கட்சிகள் இருந்தன. ஒளிரும் புரதத்தை ஆக்ஸானின் ஒரு துண்டில் லேசரால் மங்கச் செய்துவிட்டு, அந்த மங்கல் பட்டை நகர்கிறதா என்று பார்த்தவர்கள், அது நகரவில்லை, ஆகவே சட்டம் அசைவதில்லை என்றார்கள். அதில் ஒளிந்திருந்த அனுமானம் ஒன்று உண்டு: மெதுவான போக்கு என்றால் எல்லா இழைகளும் சேர்ந்து மெதுவாக நகரும் என்பது. 2000-இல் ஆந்தனி பிரவுனின் குழு வேறு விதமாகப் பார்த்தது. வளர்ப்பில் உள்ள சில ஆக்ஸான்களில் நியூரோஃபிலமென்ட் இல்லாத இயல்பான இடைவெளிகள் இருந்தன. அந்த இருட்டு இடைவெளியின் மேல் கேமராவை வைத்து, சில நொடிகளுக்கு ஒரு படம் என்று எடுத்தார்கள். ஒற்றை இழைகள் வேகமாக, நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டியும்கூட, இடைவெளியைக் கடந்து ஓடின, பிறகு நின்றன, மறுபடி ஓடின. வழியெல்லாம் நிறுத்தம் உள்ள டவுன் பஸ்ஸின் சராசரி வேகத்தைப் பார்த்துவிட்டு அதன் எஞ்சினே அவ்வளவுதான் என்று முடிவு கட்டியதைப் போன்ற பிழை அதுவரை நடந்திருந்தது. முந்தைய சோதனைகளில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே நிமிடக்கணக்கான இடைவெளி. அதற்குள் ஓடும் இழை மங்கல் பட்டையையே கடந்து போய்விடும். இரு கட்சிகளின் தரவுகளும் சரியாகவே இருந்தன. படம் எடுத்த இடைவெளிதான் தவறு. எந்த உரையைக் கேட்டாலும் இத்தனை நொடிக்கு ஒரு படம் என்ற எண்ணை முதலில் தேடும் பழக்கம் எனக்கு வந்தது இதனால்தான்.

தூரப் பிரச்சினைக்கு இன்னொரு தீர்வு, சமைத்ததை அனுப்புவதற்குப் பதிலாகச் சமையற்குறிப்பையும் அடுப்பையும் அனுப்பிவிடுவது. அதாவது தூதுவர் ஆர்.என்.ஏ.வையும் ரைபோசோமையும் தொலைவுக்கே கொண்டுபோய் அங்கேயே புரதம் செய்வது. 1982-இல் ஆஸ்வால்ட் ஸ்டூவர்ட், நியூரானின் சமிக்ஞை பெறும் கிளைகளான டெண்ட்ரைட்களில் உள்ள முட்களின் அடியில் ரைபோசோம் கொத்துகளை மின்நுண்ணோக்கியில் காட்டினார். 1996-இல் எரின் ஷூமன், செல் உடலிலிருந்து துண்டித்த டெண்ட்ரைட்களிலும் புதுப் புரதம் உருவானால்தான் இரு நியூரான்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸ் குறிப்பிட்டதொரு வகையில் வலுப்படுதல் நடக்கிறது என்று காட்டினார். ஆக்ஸானில் ரைபோசோமே இல்லை என்று பாடநூல்கள் சாதித்துக்கொண்டிருந்த காலத்தில், 2001-இல் கிறிஸ்டீன் ஹோல்ட்டின் ஆய்வகம் தவளையின் விழித்திரை ஆக்ஸானைச் செல் உடலிலிருந்து வெட்டிப் பிரித்தது. தலையற்ற அந்த வளர்முனை, அதாவது ஆக்ஸானின் வளரும் நுனி, வழிகாட்டும் வேதிப்பொருளை நோக்கித் திரும்பியது. புரதத் தொகுப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்ததும் திரும்பவில்லை. ஷூமன், ஹோல்ட் இருவருக்கும் மைக்கேல் கிரீன்பெர்க்குடன் 2023-ஆம் ஆண்டின் மூளைப் பரிசு கிடைத்தது. இப்போது சூடாக இருப்பது அந்த ஆர்.என்.ஏ. எப்படிப் பயணிக்கிறது என்பது: சில துகள்கள் தமக்கென்று வண்டி பிடிக்காமல், கழிவை உடைக்கும் பையான லைசோசோம் போகும்போது அதன் மேல் தொற்றிக்கொண்டு போகின்றன என்று 2019-இல் காட்டினார்கள். தொற்றவைக்கும் புரதமான அனெக்ஸின் ஏ11-இல் பிழை ஏற்பட்டால் இயக்க நியூரான்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோய் வருகிறது.

சரக்கு போனால் மட்டும் போதாது, செய்தி திரும்ப வரவேண்டும். 1977-இல் ராபர்ட் கேம்பெனோட் ஒரே தட்டை மூன்று அறைகளாகத் தடுத்து, செல் உடல்களை நடுவில் வைத்து, ஆக்ஸான்களைப் பக்க அறைகளுக்கு வளரவிட்டார். நரம்பு வளர்ச்சிக் காரணி இல்லாத அறைக்கு எந்த நாரும் வளரவில்லை, செல் உடலைச் சுற்றி அது தாராளமாக இருந்தபோதும். கடைக்கோடியில் பெற்ற காரணியை எண்டோசோம் என்ற சவ்வுப் பையில் ஏற்றி டைனீன் செல் உடலுக்குக் கொண்டுவருகிறது. இதே திரும்பும் பாதையை வெறிநாய்க் கடியின் வைரஸும் பயன்படுத்திக்கொள்கிறது. கடி முகத்திலோ தலையிலோ விழுந்தால் நோய் சீக்கிரம் தாக்கும் என்று மருத்துவர்கள் அவசரப்படுவதன் பின்னால் இருப்பதும் ஆக்ஸான் வழித் தூரம்தான். ஆக்ஸானின் கடைசியில் உருவாகும் கழிவு மூட்டைகளான ஆட்டோஃபேகோசோம்களும் இவ்வழியே செல் உடலை நோக்கிப் பயணித்து, வழியில் பக்குவப்பட்டு, உடைக்கப்படுகின்றன.

துருவத்தன்மை பற்றிய அமர்வில், அதாவது எது ஆக்ஸான், எது டெண்ட்ரைட் என்று செல் பிரித்துக்கொள்வதைப் பற்றிய அமர்வில், நீங்கள் அடிக்கடி கேட்கப்போவது ‘மூன்றாம் நிலை’ என்ற சொல். கார்லோஸ் டோட்டி, கேரி பேங்கர் ஆகியோர் 1988-இல் எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் நியூரான் தட்டில் வளர்வதை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். ஒரேமாதிரி இருக்கும் பல குட்டி நீட்சிகளில் ஒன்று மட்டும் திடீரென்று நீண்டு ஆக்ஸான் ஆவது மூன்றாம் நிலை. ஆக்ஸானில் நுண்குழல்கள் எல்லாம் ஒரே திசையை நோக்க, பாலூட்டிகளின் டெண்ட்ரைட்டில் இரு திசையிலும் கலந்து கிடக்கின்றன. முகவரி பார்த்து அனுப்புவதில் பாதி வேலை இதனாலேயே முடிகிறது. ஆக்ஸானின் தொடக்கத்தில் சில பத்து மைக்ரோமீட்டருக்கு ஆங்கிரின்-ஜி புரதத்தால் கட்டிய ஒரு சோதனைச்சாவடி உண்டு. 2013-இல் ஷியாவ்வெய் ஜுவாங்கின் குழு மீநுண்ணோக்கியில் பார்த்தபோது, ஆக்ஸான் சவ்வின் உட்புறம் ஆக்டின் என்ற புரதத்தின் வளையங்கள் ஏறக்குறைய 190 நானோமீட்டருக்கு ஒன்றாக, பீப்பாயின் பட்டைகளைப்போல, ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தால் பிணைந்து வரிசையாக இருந்தன. நூறு ஆண்டுகளாக எல்லாரும் பார்த்த ஆக்ஸானில் இப்படி ஓர் ஒழுங்கு இருந்ததை யாரும் பார்த்திருக்கவில்லை. சினாப்ஸ் அமர்வு உங்களுக்கு ஓரளவு பழக்கமானதாகவே இருக்கும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். 40 நானோமீட்டர் நுண்பை எப்படி இணைந்து வெடிக்கிறது என்பதற்கு 2013-இன் நோபலோடு பெரும்பகுதி விடை கிடைத்துவிட்டது, இப்போதைய பேச்சு அந்தப் புரதங்கள் அங்கே வந்து சேர்வதையும் பழுதடைந்தவை அகற்றப்படுவதையும் பற்றியது.

கடைசி நாள் அமர்வுகள் வழக்கமாகச் சிதைவைப் பற்றியவை. தயவுசெய்து பெட்டி கட்டப் போய்விடாதீர்கள். வெட்டுண்ட ஆக்ஸானின் தொலைப்பகுதி சிதைந்துபோகும் என்று 1850-இலேயே அகஸ்டஸ் வாலர் எழுதினார். உணவு நின்றதால் பட்டினியில் சாகிறது என்றே நெடுங்காலம் நினைத்தோம். 1989-இல், வெட்டிய ஆக்ஸான் ஓரிரு நாளில் சிதையாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் ஒரு சுண்டெலி வகை தற்செயலாகக் கிடைத்தது. பட்டினிதான் காரணம் என்றால் அது எப்படித் தாக்குப்பிடிக்கும்? அந்தக் கேள்வி 2012-இல் மார்க் ஃபிரீமனின் ஆய்வகத்தில் சார்ம்1 என்ற புரதத்தில் போய் முடிந்தது: அது இல்லாவிட்டால் ஆக்ஸான் சிதைவதில்லை. சார்ம்1 ஒரு நொதி; என்.ஏ.டி. என்ற இன்றியமையாத மூலக்கூறை உடைத்துத் தள்ளுகிறது. அதைச் சாதாரண நாட்களில் அடக்கி வைக்க என்.எம்.நாட்2 என்ற இன்னொரு புரதம் வேண்டும். அந்தப் புரதம் சில மணி நேரமே உயிர்வாழ்வது. செல் உடலிலிருந்து ஓயாமல் வந்துகொண்டே இருந்தால்தான் அளவு குறையாது. ஆகவே ஆக்ஸான் தன் தலைமையகத்தோடு தொடர்பில் இருக்கிறதா என்பதை, சீக்கிரம் கெட்டுப்போகும் ஒரு சரக்கின் வரத்தை வைத்தே அறிந்துகொள்கிறது. வரத்து நின்றால் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. போக்குவரத்து அமர்வையும் சிதைவு அமர்வையும் ஒன்றாகக் கேட்டவர்களுக்குத்தான் இதன் அழகு புரியும்.

நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நுண்குழல்களைக் குலைப்பது. அதை எடுத்துக்கொள்பவர்களுக்கு மரத்துப்போதல் கால் விரல்களில் தொடங்கிக் கைகளுக்கு வருகிறது, நீளமான ஆக்ஸான்கள் முதலில் அடிபடுவதால். சார்ம்1-ஐ நீக்கிய சுண்டெலிகளில் இந்தப் பாதிப்பு தடுக்கப்படுகிறது. கைனெசின் மரபணுக்களில் ஒன்றான கே.ஐ.எஃப்.5ஏ-வில் ஏற்படும் பிழைகள், கால்களை இறுக்கிப் பிடிக்கும் பரம்பரை நோய்க்கும், 2018-இல் தெரிந்தபடி ஏ.எல்.எஸ். நோய்க்கும் காரணமாகின்றன.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நீங்கள் அங்கே பார்க்கப்போகும் படங்களில் பெரும்பாலானவை வளர்ப்புத் தட்டில் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளராத நியூரான்கள். தூரத்தைப் பற்றிய துறை தன் சோதனைகளில் பெரும்பகுதியைத் தூரமே இல்லாத செல்களில் செய்துவருகிறது. உயிருள்ள புழுவிலோ மீனிலோ சுண்டெலியின் நரம்பிலோ பார்த்தேன் என்று யாராவது சொன்னால், படம் மங்கலாக இருந்தாலும் அந்த உரைக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

மாநாட்டின் நடைமுறைக்கு வருகிறேன். இருபதாயிரம் பேர் கூடும் அமெரிக்க நரம்பறிவியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் போன்றதல்ல இது. இத்தகைய சிறு மாநாடுகளுக்கு முன்மாதிரி, 1931-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் நீல் கார்டன் தொடங்கி, பிறகு நியூ ஹாம்ஷயரின் ஒதுக்குப்புறமான பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் நகர்ந்த கார்டன் ஆய்வு மாநாடுகள். அங்கே வருபவர்கள் சுமார் இருநூறு பேர். காலையில் உரை, பிற்பகல் ஓய்வு, மாலையில் போஸ்டர், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி உரை. அச்சில் வராத தரவுகளையே பேச வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதனால் படம் எடுக்கவோ ஒலிப்பதிவு செய்யவோ, சொன்னவரின் அனுமதியின்றி மேற்கோள் காட்டவோ கூடாது. திரையில் ஒரு நல்ல படம் வந்ததும் கைப்பேசியைத் தூக்கும் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். சிறு குறிப்பேடு ஒன்று போதும். ஒவ்வொரு உரைக்கும் எந்தச் செல், எவ்வளவு நீளமான ஆக்ஸான், எத்தனை நொடிக்கு ஒரு படம் ஆகிய மூன்றை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவை தானாக வந்து சேரும். வார இறுதியில் மாணவர்களுக்கென்று தனிக் கருத்தரங்கு முன்னதாக நடந்தால் கட்டாயம் போங்கள், ஐந்து நாளும் சாப்பாட்டு மேசையில் உடன் உட்கார ஆள் கிடைப்பது அதில்தான்.

போஸ்டர் பற்றி ஒன்றே ஒன்று. இந்தத் துறையின் பொது மொழி கைமோகிராஃப். ஆக்ஸானின் நீளத்தைக் குறுக்காகவும் காலத்தை மேலிருந்து கீழாகவும் வைத்து, வீடியோவின் ஒவ்வொரு படத்திலிருந்தும் ஆக்ஸான் கோட்டை மட்டும் நறுக்கி அடுக்கினால் கிடைக்கும் படம் அது. நின்றுகொண்டிருக்கும் நுண்பை செங்குத்துக் கோடாக விழும், ஓடுவது சாய்கோடாகும், சாய்வு எவ்வளவு படுக்கையாக இருக்கிறதோ அவ்வளவு வேகம். அனுபவப்பட்டவர்கள் உங்கள் போஸ்டரில் தலைப்பைக்கூடப் படிக்காமல் நேரே அதன்முன் வந்து நிற்பார்கள். என் முதல் போஸ்டரில் நான்கு கைமோகிராஃப்கள் இருந்தன. முதுமையான ஒருவர் வந்து இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, செல் உடல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். வெளியே போவது குறைகிறது, திரும்பி வருவது குறையவில்லை என்பதுதான் என் வாதமே. ஆனால் எது வெளிப்பக்கம் என்று நான்கு படங்களில் ஒன்றில்கூட நான் குறித்திருக்கவில்லை. அவரே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அச்சிட்ட போஸ்டரின் மேலேயே நான்கு அம்புக்குறிகளை வரைந்தேன், அதன் பிறகுதான் அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார்.